மன்னிப்பு கிடைத்துவிட்டது, ஆனால் கிடைத்த மாதிரி இல்லை

சபையிலேயே வளர்ந்தவர்களுக்கு மன்னிப்பைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை என்றுதான் தோன்றும். வசனம் தெரியும், பாட்டு தெரியும், யாராவது கேட்டால் விளக்கவும் தெரியும். எனக்கும் எல்லாம் தெரிந்திருந்தது. ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளுக்கு 1 யோவான் 1:9-ஐ மனப்பாடம் செய்யவைத்தவர்களில் நானும் ஒருத்தி. "நம்முடைய பாவங்களை நாம் அறிக்கையிட்டால்" என்று நான் ஆரம்பிப்பேன், மீதியைப் பிள்ளைகள் ஒரே குரலில் முடிப்பார்கள். அதே வருடங்களில், சபையாக அப்பமும் திராட்சரசமும் பெறுகிற திருவிருந்து உள்ள ஞாயிறுகளில் ஏதாவது ஒரு காரணம் சொல்லி நான் ஒதுங்கிவிடுவேன். குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறேன் என்பேன், உடம்பு சரியில்லை என்பேன். காரணம் ஒன்றும் கிடைக்காத நாளில் எல்லாரும் எழுந்து முன்னால் போவார்கள், நான் இருக்கையிலேயே தலை குனிந்து உட்கார்ந்திருப்பேன்.

நான் செய்தது என்ன என்று இங்கே எழுதப்போவதில்லை. அதில் இன்னொருவர் சம்பந்தப்பட்டிருக்கிறார், அவருடைய கதையைச் சொல்ல எனக்கு உரிமை கிடையாது. சொன்னாலும் உங்களுக்குப் பயன்படாது. "இவ்வளவுதானா?" என்று சிலர் நினைப்பார்கள், "இதையுமா செய்தாள்?" என்று சிலர் நினைப்பார்கள். குற்றவுணர்வு பாவத்தின் அளவைப் பார்த்துக்கொண்டு வருவதில்லை என்பது மட்டும் போதும்.

அது எப்படி இருந்தது என்றால், இரவு ஜெபத்தில் அந்தப் பாவத்தை அறிக்கையிடுவேன். கொஞ்சம் லேசாக இருக்கும். காலையில் எழுந்தால் பாரம் அதே இடத்தில் இருக்கும். சரி, நேற்று சரியாகக் கேட்கவில்லை போல என்று மறுபடியும் கேட்பேன். அப்புறம் கேட்கும் விதத்தையே சோதிக்க ஆரம்பித்தேன். கண்ணீர் வந்ததா? மனதாரச் சொன்னேனா, இல்லை பழக்கத்தில் வாய் சொன்னதா? தண்டனைக்குப் பயந்து சொன்னேனா, தேவனை நேசித்துச் சொன்னேனா? ஒரு கட்டத்தில் செய்த பாவம் பின்னால் போய்விட்டது. நான் மனந்திரும்பியது போதவில்லையே என்று அதற்காக மனந்திரும்பிக்கொண்டிருந்தேன். இதற்கு முடிவே கிடையாது. ஏனென்றால் அந்தச் சோதனையில் கேள்வி கேட்பவளும் நானே, பதில் சொல்பவளும் நானே, மதிப்பெண் போடுபவளும் நானே.

கடைசியில் ஒரு வயதான போதகரிடம் சொன்னேன். தைரியம் வந்து போகவில்லை, வேறு வழி தெரியாமல்தான் போனேன். ஆறுதல் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் முழுவதையும் கேட்டுவிட்டு, "நேத்து ராத்திரி கேட்டியே, அதுக்கு ஆண்டவர் என்னம்மா சொன்னார்?" என்றார். எனக்குப் பதில் இல்லை. "இல்லைன்னு சொன்னாரா?" என்றார். "அப்படிச் சொல்லலை ஐயா" என்றேன். "அப்புறம் எதுக்கு இன்னிக்கு மறுபடியும் கேக்குற? அவர் சொன்னதைக் கேக்கலையா, கேட்டும் நம்பலையா?" அன்றைக்கு அது கொஞ்சம் கடுமையாகத்தான் பட்டது. எபிரெயர் 10-ஆம் அதிகாரத்தைப் படித்துவிட்டு அடுத்த வாரம் வா என்று அனுப்பிவிட்டார்.

ஆறுதலுக்கென்று யாரும் எடுத்துக் கொடுக்கிற பகுதி இல்லை அது. பலி, இரத்தம், ஆசாரியன் என்று போகும். ஆனால் உட்கார்ந்து படித்தபோது என் இரவு ஜெபமே அதில் இருந்தது. பழைய ஏற்பாட்டுப் பலிகள் பாவத்தை நீக்கவில்லை, வருஷந்தோறும் அவற்றை நினைவுபடுத்திக்கொண்டே இருந்தன என்கிறது 3-ஆம் வசனம். 11-ஆம் வசனத்தில் ஆசாரியன் நின்றுகொண்டே இருக்கிறான். ஒவ்வொரு நாளும் அதே வேலை, அதே பலி, முடிந்தது என்று உட்கார வழியில்லை. அடுத்த வசனத்தில் கிறிஸ்து ஒரே பலியைச் செலுத்திவிட்டு உட்கார்ந்துவிடுகிறார். அவர் உட்கார்ந்துவிட்ட பிறகு நான் இங்கே ஒவ்வொரு இரவும் எழுந்து நின்றுகொண்டிருந்தேன். என் ஜெபம் பார்வைக்குத் தாழ்மையாக இருந்தது. உள்ளே, அவர் செய்தது போதவில்லை என்றுதான் அது சொல்லிக்கொண்டிருந்தது.

இதைப் புரிந்துகொண்டதும் எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் பொய். புரிந்தது, அவ்வளவுதான். உணர்வு தன் பாட்டுக்கு இருந்தது.

அடுத்த வாரம் போனபோது அவர் சகரியா 3-ஆம் அதிகாரத்தைத் திறந்தார். பிரதான ஆசாரியனாகிய யோசுவா அழுக்கு வஸ்திரத்தோடு தேவதூதனுக்கு முன்னால் நிற்கிறான். அவனுக்கு விரோதமாகச் சாத்தான் வலதுபக்கத்தில் நிற்கிறான். நான் பலமுறை படித்த பகுதிதான், ஆனால் இரண்டு விஷயங்களைக் கவனித்ததே இல்லை. முதலாவது, சாத்தான் பொய் சொல்கிறான் என்று யாரும் அங்கே சொல்லவில்லை. வஸ்திரம் உண்மையிலேயே அழுக்குதான். கர்த்தர் சாத்தானைக் கடிந்துகொள்கிறார், ஆனால் யோசுவா நல்லவன் என்று வாதாடவில்லை. அக்கினியிலிருந்து தப்புவிக்கப்பட்ட கொள்ளி இவன் என்று மட்டும் சொல்கிறார். இரண்டாவது, அந்த முழுக் காட்சியிலும் யோசுவா ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. தன் பக்கத்தைச் சொல்லவில்லை, அழவில்லை, இனி இப்படி நடக்காது என்று வாக்குக் கொடுக்கவில்லை. அவன் உடையை மற்றவர்கள் கழற்றுகிறார்கள், மற்றவர்களே உடுத்துகிறார்கள். "நடந்துகொள்" என்ற பேச்சு அதற்குப் பிறகுதான் வருகிறது.

எனக்கு இது பெரிய விடுதலையாக இருந்தது. குற்றம் சாட்டுகிற குரல் உள்ளே எழும்பும்போதெல்லாம் நான் அதோடு வாதாடிக்கொண்டிருந்தேன். "அவ்வளவு மோசமில்லை, அன்றைய சூழ்நிலை அப்படி" என்று ஆரம்பித்து, பாதியில் தோற்றுப்போய், மறுபடியும் அழுவேன். இப்போது வாதாடுவதில்லை. "ஆமாம், செய்தேன்" என்று சொல்லிவிடுகிறேன். வழக்கு அங்கேயே முடிந்துபோகிறது, ஏனென்றால் தீர்ப்பு அந்தக் குரலின் கையில் இல்லை. "தேவன் தெரிந்துகொண்டவர்கள்மேல் குற்றஞ்சாட்டுகிறவன் யார்? தேவனே அவர்களை நீதிமான்களாக்குகிறவர்" என்று ரோமர் 8-இல் பவுல் கேட்பதும் இதைத்தான்.

இந்த இடத்தில் ஒரு பேச்சு அடிக்கடி வரும்: "தேவன் உன்னை மன்னித்துவிட்டார், நீதான் உன்னை மன்னிக்க வேண்டும்." நல்ல மனதோடு சொல்வதுதான், சிலருக்கு உதவியும் இருக்கலாம். எனக்கு அது இன்னொரு சுமையாகத்தான் வந்தது. என்னை நானே மன்னிக்க முடியவில்லையே என்று அதையும் அறிக்கையிட வேண்டிய பாவப் பட்டியலில் சேர்த்துக்கொண்டேன்! வேதத்தில் அப்படி ஒரு கட்டளையை நான் காணவில்லை. பவுல் 1 கொரிந்தியர் 4-இல் சொல்வது வேறு மாதிரி: என்னைக் குறித்து நானே தீர்ப்புச் சொல்வதில்லை, என்னை நியாயம் விசாரிக்கிறவர் கர்த்தரே என்கிறார். நீதிபதியின் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு எனக்கு விடுதலை கொடுக்க நான் பாடுபட வேண்டியதில்லை. அந்த நாற்காலியை விட்டு எழுந்தால் போதும்.

உணர்த்துதல் எது, குற்றஞ்சாட்டுதல் எது என்று பிரித்தறிய எனக்கு உதவியது ஒரு நோட்டுப் புத்தகம். மனது கனக்கும்போது மூன்றைத்தான் எழுதுவேன்: என்ன செய்தேன், யாருக்குச் செய்தேன், இப்போது என்ன செய்ய முடியும். பரிசுத்த ஆவியானவர் உணர்த்துவதாக நான் நம்புகிற விஷயங்களுக்கு இந்த மூன்றுக்கும் பதில் வந்துவிடும். "நேற்று அவரிடம் கோபமாகப் பேசினேன், போய் மன்னிப்புக் கேட்க வேண்டும்." செய்துவிட்டால் முடிந்தது. மற்ற வகைக்குப் பதிலே வராது. "நீ எப்போதும் இப்படித்தான்", "உன்னைப் போன்றவள் எப்படி ஜெபிக்கலாம்" என்று மொத்தமாக அடிக்கும், செய்வதற்கு எதையும் காட்டாது. 2 கொரிந்தியர் 7:10-இல் தேவனுக்கேற்ற துக்கம், லௌகிக துக்கம் என்று பவுல் பிரிப்பது இந்த இரண்டையும்தான் என்று எடுத்துக்கொண்டேன். ஒன்று எழுந்து நடக்க வைக்கிறது, மற்றது படுக்கையில் அழுத்திப் பிடிக்கிறது.

செய்ய வேண்டியது இருந்தால் செய்துவிட வேண்டும், இதில் சமரசம் கிடையாது. எண்ணாகமம் 5-இல் தவறு செய்தவன் அறிக்கையிட்டால் மட்டும் போதாது, முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுக்க வேண்டும். வரி வசூலிப்பவனான சகேயு நாலத்தனையாகத் திரும்பக் கொடுக்கிறேன் என்கிறான். ஆனால் வரிசையைப் பாருங்கள். "இன்றைக்கு நான் உன் வீட்டிலே தங்கவேண்டும்" என்று இயேசு சொன்னது முதலில், பணம் திரும்பியது பிறகு. மன்னிப்பை விலைக்கு வாங்க அவன் கொடுக்கவில்லை. வந்தவர் வீட்டுக்குள் இருக்கும்போது அந்தப் பணத்தை வைத்துக்கொண்டிருக்க அவனால் முடியவில்லை.

நானும் சம்பந்தப்பட்டவருக்கு எழுதினேன். அனுப்புவதற்கு முன்னால் போதகரிடம் காட்டினேன், நல்லவேளை. முதலில் எழுதியது பக்கம் பக்கமாக என் வேதனையைப் பற்றித்தான் இருந்தது. "இதைப் படிச்சிட்டு அவங்க உனக்கு ஆறுதல் சொல்லணுமா?" என்று கேட்டார். கிழித்துவிட்டுச் சுருக்கமாக எழுதினேன். செய்தது இது, அது தவறு, உங்களுக்கு இழப்பு உண்டாக்கினேன், வருந்துகிறேன், பதில் எழுத வேண்டிய கட்டாயம் இல்லை. பதில் வரவில்லை. இன்றுவரை வரவில்லை. அவர் மன்னிப்பது அவர் விருப்பம், அதற்கு நான் தவணை சொல்ல முடியாது. தேவனுடைய மன்னிப்பு அந்தக் கடிதத்துக்காகக் காத்திருக்கவும் இல்லை. இரண்டையும் ஒன்றாகக் கட்டியிருந்த முடிச்சை அவிழ்க்கத்தான் நாளாயிற்று. தாவீது ராஜா "பாவஞ்செய்தேன்" என்றதும் தீர்க்கதரிசி நாத்தான், கர்த்தர் உமது பாவத்தை நீங்கச்செய்தார் என்று அதே மூச்சில் சொல்கிறான். ஆனாலும் விளைவுகள் அந்த வீட்டை விட்டுப் போகவில்லை. மன்னிக்கப்பட்டவர்கள் விளைவுகளோடு வாழ்வது உண்டு. இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: பிறரைத் துன்புறுத்தியவர்கள் "ஆண்டவர் என்னை மன்னித்துவிட்டார்" என்று சொல்லிச் சட்டத்திலிருந்தோ, பாதிக்கப்பட்டவர்களின் கேள்வியிலிருந்தோ தப்பிக்க நினைத்தால், அதற்குச் சபை துணைபோகக் கூடாது.

இனி திருவிருந்து. நான் ஒதுங்கியதற்கு எனக்குக் கைவசம் ஒரு வசனம் இருந்தது. அபாத்திரமாய், அதாவது தகாத விதமாய்ப் புசிப்பவன் குற்றமுள்ளவனாவான் என்கிற 1 கொரிந்தியர் 11:27. அதன் முன்பகுதியை நான் சேர்த்துப் படித்ததில்லை. கொரிந்து சபையில் வசதியுள்ளவர்கள் முந்திக்கொண்டு சாப்பிட்டார்கள், இல்லாதவர்கள் பசியோடு நின்றார்கள், ஒருவன் வெறித்திருந்தான். பவுல் கண்டித்தது அந்த நடத்தையை. தகுதியில்லை என்று அழுதுகொண்டு பின்வரிசையில் உட்கார்ந்திருப்பவளை விரட்ட எழுதியதல்ல அது. அடுத்த வசனமும் "தன்னைத்தானே சோதித்தறிந்து" ஒதுங்கி இரு என்று முடியவில்லை. சோதித்தறிந்து, அப்பத்தில் புசிக்கட்டும் என்று முடிகிறது.

லூக்கா 7-இல் நூற்றுக்கு அதிபதியான ஒரு படை அதிகாரி வருகிறான், அவனுடைய வேலைக்காரன் சாகும் தறுவாயில் இருக்கிறான். யூத மூப்பர்கள் இயேசுவிடம் அவனுக்காகச் சிபாரிசு செய்கிறார்கள்: அவன் பாத்திரன், நமக்கு ஜெப ஆலயம் கட்டித் தந்திருக்கிறான். அவனோ, நீர் என் வீட்டு வாசலுக்குள் வர நான் பாத்திரன் அல்ல என்று சொல்லி அனுப்புகிறான். இயேசு இந்த இரண்டு மதிப்பீட்டில் எது சரி என்று தீர்க்கவே இல்லை. வேலைக்காரன் சுகமாகிறான். கத்தோலிக்கத் திருப்பலியில் நற்கருணை, அதாவது திருவிருந்து, வாங்குவதற்குச் சற்று முன்னால் எல்லாரும் சேர்ந்து சொல்வது இந்த அதிபதியின் வார்த்தையைத்தான்: நான் தகுதியற்றவன், ஒரு வார்த்தை மட்டும் சொல்லும். சொல்லிவிட்டு அடுத்து என்ன செய்கிறார்கள்? எழுந்து போய் வாங்கிக்கொள்கிறார்கள். தகுதியில்லை என்பது திரும்பிப் போகக் காரணம் என்று நான் நினைத்திருந்தேன். ஆராதனை முறைமை அதை வரிசையில் நிற்பதற்கு முன்னால் சொல்லவேண்டிய வாசகமாக வைத்திருக்கிறது.

திரும்பவும் திருவிருந்துக்குப் போன அன்று ஒன்றும் நடக்கவில்லை. சாட்சி சொல்பவர்கள் இந்த இடத்தில் கண்ணீர் பெருகியது, பாரம் இறங்கியது என்பார்கள். எனக்கு வாய் உலர்ந்திருந்தது, அடுத்தவர்கள் பார்க்கிறார்களோ என்று கூச்சமாக இருந்தது, அவ்வளவுதான். வாங்கினேன், வந்து உட்கார்ந்தேன். அடுத்த முறையும் போனேன். சமாதானம் எந்த நாளில் வந்தது என்று சொல்லத் தெரியவில்லை. இப்போதும் சில வாரங்கள் காணாமல் போகும். போனால் போகட்டும் என்று விட்டுவிடுகிறேன். "நம்முடைய இருதயமே நம்மைக் குற்றவாளிகளாகத் தீர்க்குமானால், தேவன் நம்முடைய இருதயத்திலும் பெரியவராயிருந்து சகலத்தையும் அறிந்திருக்கிறார்" என்று யோவான் எழுதியிருக்கிறார். விசுவாசிகளின் இருதயம் இப்படித் தீர்ப்பு எழுதும் என்று அவருக்கு முன்னமே தெரிந்திருக்கிறது.

இதில் நான் தனியாள் இல்லை என்பதையும் பிறகுதான் அறிந்தேன். பின்னாளில் சபைச் சீர்திருத்தத்தைத் தொடங்கிய, 1505-இல் மடத்தில் சேர்ந்த மார்ட்டின் லூத்தர் மணிக்கணக்கில் பாவ அறிக்கை செய்து, அதைக் கேட்கிறவர்களையே சோர்ந்துபோக வைத்தார் என்பார்கள். பின்னாளில் இயேசு சபையை நிறுவிய இஞ்ஞாசியார் 1522-இல் தன் வாழ்நாள் பாவங்களையெல்லாம் எழுதி, குருவானவரிடம் மூன்று நாள் பாவசங்கீர்த்தனம், அதாவது பாவ அறிக்கை, செய்தார். அப்படியும், பிறகு தங்கியிருந்த ஸ்பெயினின் மன்ரேசா ஊரில் அவருக்கு நிம்மதி இல்லை. மிகத் தெளிவாகத் தெரிகிற பாவத்தைத் தவிரப் பழையதை மறுபடி சொல்லக்கூடாது என்று குருவானவர் கட்டளையிட்டார். இஞ்ஞாசியாருக்கோ எல்லாமே மிகத் தெளிவாகத் தெரிந்ததாம்! படித்தபோது வாய்விட்டுச் சிரித்தேன், எனக்கு அப்படியே பொருந்தியது. பழையதை இனிச் சொல்வதில்லை என்று அவர் முடிவெடுத்த பிறகுதான் அது விட்டது. மெதடிஸ்த இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் இருதயம் 1738 மே 24 அன்று அனல்கொண்டதைப் பிரசங்கங்களில் கேட்டிருப்பீர்கள். சில மாதங்களிலேயே, 1739 ஜனவரியில், நான் இப்போது கிறிஸ்தவன் அல்ல என்று அவர் நாட்குறிப்பில் எழுதியதை யாரும் சொல்வதில்லை. அதையும் சொன்னால் எத்தனையோ பேர் நிம்மதியாகத் தூங்குவார்கள்.

ஆங்கிலக் கவிஞர் வில்லியம் கூப்பரின் கதை வேறு. மன்னிப்பைப் பற்றி உலகம் முழுவதும் பாடுகிற ஞானப்பாட்டுகளை எழுதியவர், 1800-இல் சாகும்வரை தேவன் தன்னைத் தள்ளிவிட்டதாகவே நம்பினார். அவருக்கு இருந்தது கடுமையான மனநோய். இதைச் சபைகளில் வெளிப்படையாகப் பேச வேண்டும். தேவதூஷணமான எண்ணங்கள் வலுக்கட்டாயமாக வருவது, ஒரே ஜெபத்தைச் சரியாகச் சொல்லும்வரை திரும்பத் திரும்பச் சொல்வது, மன்னிக்கப்பட்டேனா என்று நாள் முழுவதும் பிறரிடம் கேட்பது, இவை ஓ.சி.டி.யின், அதாவது வேண்டாத எண்ணங்களும் செய்கைகளும் கட்டாயமாகத் திரும்பத் திரும்ப வரும் மனநோயின், ஒரு வகையாக இருக்கலாம். அதற்குச் சிகிச்சை உண்டு. மனநல மருத்துவரிடம் போவது விசுவாசக் குறைவு இல்லை. வாழவே வேண்டாம் என்ற எண்ணம் வந்தால் ஜெபக்கூட்டம்வரை காத்திருக்காமல் அன்றைக்கே ஒருவரிடம் சொல்லி மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

நோய் இல்லாதவர்களுக்கும் வெளியிலிருந்து ஒரு குரல் தேவைப்படுகிறது என்பது என் அனுபவம். தனியாக வேதத்தை வாசித்தபோது நான் எனக்குச் சாதகமாக எதையும் நம்பவில்லை. இன்னொருவர் என் முகத்தைப் பார்த்து, "இயேசுவின் நிமித்தம் உன் பாவம் மன்னிக்கப்பட்டது" என்று சொன்னபோது அதைத் தட்டிக்கழிக்க முடியவில்லை. கத்தோலிக்கர்களுக்கு, குருவானவரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புப் பெறுகிற ஒப்புரவு அருளடையாளம் இருக்கிறது. லூத்தரன், ஆங்கிலிக்கன் ஆராதனைகளில் பாவ அறிக்கைக்குப் பிறகு போதகர் மன்னிப்பை அறிவிக்கிறார். அந்த நேரத்தில் அடுத்த பாட்டின் எண்ணைத் தேடாமல் காது கொடுத்துக் கேளுங்கள். இந்த முறைமை இல்லாத சபைகளில் இருப்பவர்களுக்கு, ஒருவருக்கொருவர் குற்றங்களை அறிக்கையிடச் சொல்கிற யாக்கோபு 5:16 இருக்கிறது. ஆனால் வாய் இறுக்கமான ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். கேட்டதை ஜெபக்குறிப்பாக்கி ஊர் முழுக்கப் பரப்புகிறவர்கள் எல்லாச் சபையிலும் உண்டு.

இப்போது சிலர் என்னிடமும் வந்து பேசுகிறார்கள். அதிகம் வருகிற கேள்வி, நான் மன்னிக்கப்படாத பாவத்தைச் செய்துவிட்டேனோ என்பது. மாற்கு 3-ஐத் திறந்து காட்டுவேன். பரிசுத்த ஆவிக்கு விரோதமான தூஷணம் மன்னிக்கப்படாது என்று இயேசு சொன்னது, அவர் செய்த நன்மையைக் கண்ணால் பார்த்துவிட்டு அசுத்த ஆவியின் வேலை என்று துணிந்து சொன்னவர்களிடம், 30-ஆம் வசனம் காரணத்தையும் சேர்த்தே தருகிறது. மன்னிப்புக் கேட்டு அழுகிறவர்கள் அந்தக் கூட்டத்தில் இல்லை. இதை ஒரு முறை பொறுமையாகச் சொல்வேன். மறுநாள் அதே ஆள் அதே கேள்வியோடு போன் செய்தால், நேற்றே பதில் சொல்லிவிட்டேன் என்று சொல்லிவிட்டு, ராத்திரி தூங்கினாயா, வேலைக்குப் போனாயா என்று வேறு விஷயம் பேசுகிறேன். திரும்பத் திரும்ப உறுதி கொடுத்தால் கேட்கிற பழக்கம்தான் வளரும் என்று பட்டுத் தெரிந்துகொண்டிருக்கிறேன். முதலில் கோபித்துக்கொள்வார்கள். சிலர் இரண்டு வாரம் பேசாமலும் இருந்திருக்கிறார்கள். பரவாயில்லை, பிறகு பேசுவார்கள்.